நடுவுல எங்கயும் நிக்காத கப்பல்

"சாருக்கு பால்கனி வச்ச ரூமே போட்டுரலாமா மேடம், படுத்துக்கிட்டே கடல் பாக்கலாம்"னு டிராவல்ஸ்காரரு சகாயராஜ் என்கிட்ட கேட்டுட்டு, மரியாதைக்கு அவரு பக்கம் திரும்பி, "என்ன சார், பால்கனி?"ன்னாரு. வீல் சேர்ல இருந்து என் வீட்டுக்காரரு "சரி"ன்னாரு. "இல்ல காத்து ஒத்துக்காதுன்னா உள்பக்கமா ஒரு ரூம் இருக்கு சார், ஜன்னலே கிடையாது." "சரி." சகாயராஜ் பேனாவை மூடிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. "எதைச் சொன்னாலும் சரிங்கற மனுஷன். நீங்க குடுத்து வச்சவங்க மேடம்." ஆமா. இந்த வாயில இருந்து ஒரு சரி வாங்க முப்பது வருஷம் ஆச்சு, இப்ப பதினோரு மாசமா அதைத் தவிர வேற எதுவும் வர மாட்டேங்குது. போன ஆடி மாசம், குளிச்சிட்டு வந்து ஈரத்துண்டைக் கொடியில போட்டுக்கிட்டே என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாரு, துண்டு மேல துண்டு போடக் கூடாதாம், காத்து போகாதாம், பாதித் திட்டுல சரிஞ்சாரு. மிச்சத் திட்டு இன்னும் உள்ளதான் இருக்கு. வலது கை, வலது கால், வாயோட வலது ஓரம் எல்லாம் போச்சு. பேச்சும் போச்சு, ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்குச்சு. டாக்டர் சொன்னாரு, சில பேருக்கு அப்படி ஒண்ணு தங்கிரும்மா, எது தங்கும்னு சொல்ல முடியாது, ஒருத்தருக்குச் சாமி பேரு, ஒருத்தருக்குக் கெட்ட வார்த்தை. மின்வாரியத்துல முப்பத்தாறு வருஷம் இஞ்சினியரா உக்காந்து வந்த பைல் எல்லாத்தையும் திருப்பி அனுப்பின தணிகாசலத்துக்கு, சரி. கடவுளுக்கு டைமிங் தெரியும், அதை நான் மறுக்க மாட்டேன். வெளியாளுங்களுக்கு எல்லாச் சரியும் ஒண்ணுதான். என் காது அப்படிப்பட்ட காது இல்ல. டீயில சீனி பத்தலைன்னா மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு ஒரு சரி வரும். பாத்ரூம் போகணும்னா கடைசியில ஒரு இழுப்பு இருக்கும். என்னைப் பிடிக்கலைங்கற சரி ரொம்பச் சுத்தமா இருக்கும், ஸ்டாம்பு குத்தின மாதிரி. இப்ப பால்கனிக்குச் சொன்னது வேணாம்ங்கற சரி. உள்பக்க ரூமுக்குச் சொன்னது, இவளோட எந்த ரூமும் வேணாம்ங்கற சரி. நான் சகாயராஜ்கிட்ட, "பால்கனியே போடுங்க சார், அவருக்கு எவ்வளவு ஆசைன்னு மொகத்துலயே தெரியுது பாருங்க"ன்னேன்.

மேசையில ரெண்டு புத்தகம் வழவழன்னு கிடக்கு. ஒண்ணுல வெள்ளைக் கப்பல், இன்னொண்ணுல நீலக் கப்பல். ரெண்டும் இங்கிலாந்துல கிளம்பி நியூயார்க் போய்ச் சேருது, அங்க துறைமுகத்துல என் பொண்ணு வேனில் அவ புருஷன் ஜோயலோட நிப்பா. முப்பதாவது கல்யாண நாளு கடல்ல வரணும்னு அவ குடுக்குற பரிசு. சென்னையில ஏத்தி, லண்டன்ல இறக்கி, கப்பல் வரைக்கும் வீல் சேர் தள்ள ஒரு ஆளும் போட்டிருக்கா. "பேசிக்கலி மேடம், வெள்ளைக் கப்பல் ஏழு ராத்திரி. ஏறினா ஏறினதுதான், நடுவுல எங்கயும் நிக்காது. தண்ணி, அப்புறம் தண்ணி, அதுக்கப்புறம் தண்ணி. நீலம் பேசிக்கலி பதிமூணு ராத்திரி, நாலு ஊர்ல நிக்கும்." சகாயராஜுக்குப் பேசிக்கலி இல்லாம வாக்கியம் நகராது, அதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்குவாரு, தில்லைநகர்ல இந்த ஆபீசுக்குள்ள நுழைஞ்ச பத்தாவது நிமிஷமே அவரை நான் வாய்க்குள்ள செஞ்சு பாத்துட்டேன், வருது. "ஆனா ஒண்ணு மேடம், நீலத்துல ரெண்டு ஊர்ல கப்பல் கரைக்குப் போகாது, தள்ளி நின்னுரும், சின்ன போட்ல இறங்கணும். மத்த ரெண்டு ஊர்ல ஒரே மேடும் படியும். பேசிக்கலி வீல் சேர் இறங்காது. சார் பால்கனியில இருந்து ஊரைப் பாத்துக்கலாம், கப்பல்லயே ஆளுங்க கவனிச்சுக்குவாங்க." வீல் சேர் இறங்காதுங்கறதை அவரு துக்கம் விசாரிக்கிற மாதிரி சொன்னாரு, எனக்கு நாதஸ்வரம் வாசிச்ச மாதிரி இருந்துச்சு. நாலு ஊரு. பேரெல்லாம் வாயில நிக்கலை, லிஸ்பன் மட்டும் நின்னுச்சு. லிஸ்பன்ல இறங்குவேன். கையில ஒரு பை, காலுல புதுச் செருப்பு. ஏதாச்சும் ஒரு கடையில சூடா ஒரு ரொட்டி வாங்கி, கல்லுப்படியில உக்காந்து, திரும்பி கப்பலை அண்ணாந்து பாப்பேன், ஏழாவது மாடி பால்கனி, எண்ணிக்கிட்டே வந்தா அவரு ஒரு வெள்ளைப் புள்ளியா தெரிவாரு. கையை ஆட்டுவேன். மேல ஏறி வந்ததும் கேப்பேன், "பாத்தீங்களா ஊரை?" ஏன்னா தேன்நிலவுக்குத் தரங்கம்பாடி கூட்டிட்டுப் போயி, பக்கத்துல ஒரு சப்ஸ்டேஷன், எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்னு என்னை ஜீப்ல உக்கார வச்சிட்டுப் போனவரு நாலு மணி நேரம் கழிச்சு வந்தாரு. கடல் தெரியுற மாதிரிதான் ஜீப்பை நிறுத்தியிருந்தாரு, அதையும் சொல்லணும். வந்து ஏறி, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, "பாத்தியா கடலை?"ன்னாரு.

நான் அப்ப என்ன சொன்னேன்னு கேக்கவே வேணாம். காலேஜ் மிமிக்ரியில பன்னெண்டு நிமிஷத்துல இருபத்திரெண்டு குரல் செய்றவ நான், வார்டன், பஸ் கண்டக்டர், பிரின்சிபால் சிஸ்டர், சிஸ்டரோட நாய். ஒருத்தரைச் செய்யணும்னா குரலைப் பிடிக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கணும், எங்க நிறுத்துறாங்க, எங்க முழுங்குறாங்க, எந்த இடத்துல எதிராளி பேசிருவாங்களோன்னு பயப்படுறாங்க. பயம் கிடைச்சுட்டா குரல் தானா வரும். கல்யாணம் ஆன மூணாம் நாளு விருந்துல, இவரு அக்கா திலகவதி மாதிரி செஞ்சேன். "பாயசத்துல முந்திரி கொறையுதுன்னு நான் சொல்லலை, கொறையுதுன்னு பாக்குறவங்க சொல்லுவாங்கன்னு சொல்றேன்." பந்தியே சிரிச்சுச்சு, எலையில இருந்த தண்ணியெல்லாம் ஆடுச்சு. இவரு சிரிக்கலை. ரூமுக்குக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமினாரு. "ம்க்கும். அதாவது, இந்தக் கூத்தெல்லாம் இனிமே வேணாம். நாலு பேரு மதிக்கிற குடும்பம் இது." அப்ப ஒரு சரி சொன்னேன். தரையைப் பாத்துக்கிட்டு, சின்னதா, கடைசி எழுத்தை மூக்குக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டு. அதுதான் நான் செஞ்ச கடைசிக் குரல், அதையே வச்சு முப்பது வருஷம் ஓட்டினேன். ஜீப்ல அந்தச் சரி. எங்கம்மா செத்ததுக்கு ஒரு நாள் போயிட்டு வந்தா போதும்னு இவரு சொன்னப்ப அந்தச் சரி. ரேடியோ ஸ்டேஷன்ல குரல் தேர்வுக்குக் கூப்பிட்டு எனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு, எனக்குக் காட்டாமலே பதில் போட்டிருக்காரு, "அழைப்புக்கு நன்றி, எனக்கு இதில் விருப்பமில்லை, இப்படிக்கு செண்பகவல்லி." நாலு வருஷம் கழிச்சு ரேஷன் கார்டு தேடும்போது கார்பன் காப்பி கிடைச்சுச்சு. என் எழுத்தை அப்படியே செஞ்சிருந்தாரு, நான் 'ழ' போடுறப்ப வாலைக் கொஞ்சம் சுழிப்பேன், அந்தச் சுழி உள்பட. அசந்து போனேன். அதையும் பைல் பண்ணி வச்சிருந்தாரு பாருங்க, அங்கதான் அவரு அவரு. "லைஃப் ஜாக்கெட் அளவு போடணும் மேடம், சார் எக்ஸெல்லா?"ங்கறாரு சகாயராஜ். மெலிஞ்சுட்டாரு, சட்டைக்குள்ள ஹேங்கர் மாட்டின மாதிரி இருக்காரு. "எல் போதும் சார்." "சரி"ங்கறாரு இவரு, சுத்தமா, ஸ்டாம்பு.

ஆரம்பிச்சது வேணும்னு இல்ல. இவரு விழுந்து மூணு மாசம் இருக்கும், சட்னிக்கு அரைச்சுக்கிட்டே எனக்கு நானே, "ம்க்கும், அதாவது, உப்பு போட்டியா இல்லையா"ன்னு அவரு குரல்ல கேட்டுக்கிட்டு இருந்தேன். பழகின சத்தம் இல்லைன்னா வீடு வீடு மாதிரி இல்ல. அந்த நேரம் வேனில் போன் பண்ணியிருக்கா, ஈரக்கை பட்டு அது எடுத்துக்கிச்சு. "அப்பா?"ன்னா. மூச்சே விடலை அந்தப் பக்கம். "அப்பா, பேசுறீங்களா?" நான்தாண்டின்னு சிரிச்சிருக்கணும். ஆனா ஒரு ஆளு அப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்குறப்ப மேடையை விட்டு இறங்க எனக்குத் தெரியாது. "அதாவது, பாப்பா"ன்னேன். அவ்வளவுதான், ஓன்னு அழுதா. நாலு வருஷம் முன்னாடி அவ ஜோயலைக் கட்டிக்கிட்டப்ப இவரு எனக்குப் பொண்ணே இல்லைன்னுட்டாரு. விழுந்ததும் ஓடி வந்து மூணு வாரம் கால்மாட்டுல உக்காந்திருந்தா, "என் மேல இன்னும் கோவமாப்பா"ன்னா, இவரு சரின்னாரு. அது எந்தச் சரின்னு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியலை. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம அப்பா பேசுறாரு. வாய் கோணியிருக்கு பாப்பா, நீ பாக்க வேணாம்னு வீடியோவை ஒரே வரியில முடிச்சாச்சு. இவரை எதிர்ல வீல் சேர்ல உக்கார வச்சுக்கிட்டுதான் செய்வேன், எதிர்ல ஆள் இல்லாம எனக்கு வராது. "உன் கல்யாணத்துக்கு நான் வராதது தப்பு பாப்பா"ன்னு இவரு குரல்ல இவரு முன்னாடியே சொன்னேன். இடது கண்ணுல மட்டும் தண்ணி வந்துச்சு. "ஜோயல் தங்கமான பையன்"னேன். வீல் சேர் கைப்பிடியை ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. "என்னப்பா சத்தம்?" "கொசு பாப்பா." திலகவதி அண்ணிக்கும் ஒரு தடவை போன் போட்டு, "அக்கா, நீங்க வல்லியை ரொம்பப் படுத்திட்டீங்க"ன்னேன், அதோட அந்தத் தொல்லை விட்டுச்சு. இவரு என் உதட்டையே பாத்துக்கிட்டு இருப்பாரு, கண்ணு கொட்டாம. வெறுப்புன்னு நெனச்சேன். இப்பல்லாம் மத்தியானம் பாத்ரூம்ல உக்கார வச்சிட்டுக் கதவைச் சாத்தினா உள்ள இருந்து சரி, சரி, சரின்னு மெதுவா கேட்டுக்கிட்டே இருக்கும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் மாறி. தண்ணிக்குத்தான் கேக்குறாருன்னு கதவைத் தொறந்தா வாயை இறுக்கி மூடிக்குவாரு.

இதுல நான் எதிர்பாக்காதது ஒண்ணு நடந்துச்சு, அவ இப்ப என்கிட்ட பேசுறதில்ல. "அம்மாகிட்ட குடுக்கவா"ன்னு அவரு குரல்ல நானே கேட்டா, "வேணாம்ப்பா, அவங்க எப்பவும் இருக்காங்க, நீங்க பேசுங்க"ங்கறா. அந்த அப்பா பொறந்தே எட்டு மாசம்தான் ஆகுது, இருபத்தெட்டு வருஷ அம்மாவைத் தூக்கி ஓரமா வச்சுட்டாரு. அவரை நான் முடிச்சாகணும். நியூயார்க்ல இறங்குறப்ப அவ ஓடி வந்து, "அப்பா"ன்னு குனிவா, அப்ப இந்த வாயில இருந்து என்ன வரும். அதனால குரல் கடல்லயே போயிரணும். கல்யாண நாள் அன்னைக்குன்னு வச்சிருக்கேன். கேக் வெட்டுறப்ப கப்பல்ல இருந்து போன் போட்டு, "அதாவது, பாப்பா"ன்னு ஆரம்பிச்சு, நிறுத்தி, மூச்சு விடாம எண்ணி அஞ்சு. அப்புறம் என் குரல்ல, "ஐயோ, என்னங்க, என்னங்க." ரெண்டாவது தடவையும் சரிஞ்சாரு, திரும்பி வந்த பேச்சும் போச்சு, அவ்வளவுதான். பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டு ஒத்திகை பாத்தாச்சு. இங்கதான் கப்பல் வந்து மாட்டுது. நீலக் கப்பல்னா நாலு ஊரு இருக்கு, குரல் போச்சுன்னா அவ விடுவாளா, அடுத்த ஊர்ல இறக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, ஸ்கேன் எடு, எனக்கு அனுப்புன்னு நிப்பா. ஸ்கேன்ல பதினோரு மாசப் பழைய ரத்தக்கட்டுதான் இருக்கும். வெள்ளைக் கப்பல்ல யாரும் எங்கயும் இறங்க முடியாது, ஒரு டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொல்லிட்டுப் போயிருவாரு, எல்லாம் அடங்கினப்புறம் நியூயார்க்கு. குரலைக் கொல்லணும்னா வெள்ளை. நான் காலாற இறங்கணும்னா நீலம். வெள்ளைன்னா அந்த ஏழு ராத்திரியும் நானும் இவரும் ஒரு கதவும், கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணியும். நீலத்துக்குப் போகலாம், குரலைக் கடைசி ஊர் தாண்டினப்புறம் கொன்னா என்ன. அதுக்குள்ள அவ தினமும் போன் பண்ணுவாளே. இல்ல, கொல்லாமலே விட்டா, அவகிட்ட உண்மையைச் சொல்லிட்டா. சொன்னா அந்த மன்னிப்பும் பொய்னு ஆயிரும். அன்னைக்கு ஜோயல் சொன்னான், "நாலு வருஷத்துல இப்பத்தான் அத்தை இவ நிம்மதியாத் தூங்குறா"ன்னு. லிஸ்பன் ரொட்டி ஒரு பக்கம், இவ தூக்கம் ஒரு பக்கம். "நீலமே இருக்கட்டும் சார்"னு சொல்ல வாயைத் தொறந்தேன். தப்பு போன ஞாயித்துக்கிழமையே நடந்து முடிஞ்சிருச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. அன்னைக்குப் போன்ல எல்லாம் பேசி முடிச்சு, அவ சிரிச்சுக்கிட்டே வைக்கப் போறப்ப, "ம்க்கும், அதாவது, நானே நேர்ல ஆபீசுக்குப் போயி, பாத்து, நானே முடிவு சொல்றேன் பாப்பா"ன்னு ஒண்ணு சேத்து விட்டேன். தேவையே இல்ல. கைதட்டு வந்தப்புறம் இன்னொரு குரல் செய்யாதேன்னு காலேஜ்லயே சொல்லுவாங்க.

சகாயராஜ் போன் அடிச்சுச்சு. "பேசிக்கலி உங்க பொண்ணுதான் மேடம், ஆறு மணிக்குக் கூப்பிடறேன்னாங்க"ன்னு ஸ்பீக்கர்ல போட்டாரு. "சார், அப்பா வந்திருக்காரா? அவருதான் முடிவு சொல்றேன்னாரு, அவருகிட்டயே குடுங்க, நான் வேலைக்குக் கிளம்பணும்." நான் கையை நீட்டினேன். மேசை அகலம். அதுக்குள்ள சகாயராஜ் எழுந்து, மேசையைச் சுத்தி வந்து, போனை இவரு வாய்கிட்ட பிடிச்சுட்டாரு, கோயில்ல ஆரத்தி காட்டுற மாதிரி. "அப்பா, குட் மார்னிங். சொல்லுங்க, வெள்ளையா நீலமா?" முடிஞ்சுச்சு. இப்ப அந்த ஸ்டாம்புச் சரி வரும். எதுப்பா சரிம்பா. மறுபடியும் வரும். மூணாவதுக்கு அவளுக்குப் புரியும், அவ கேட்ட மன்னிப்பு, பாப்பாங்கற வார்த்தை, எல்லாம் ஒரு நொடியில என் மூஞ்சியோட ஒட்டிக்கும். ஏ.சி. தண்ணி வாளியில சொட்டுது. இவரு போனைப் பாக்கலை, என்னைப் பாத்தாரு. பாத்துட்டு, தொண்டையைச் செருமலை. தலையைக் குனிஞ்சு தரையைப் பாத்தாரு. விழுந்ததுல இருந்து குரலு நூலா மெலிஞ்சு போச்சுன்னு தெரியும், எதுக்கு ஆகும்னு நான் யோசிச்சதே இல்ல. "சரி." சின்னதா. கடைசி எழுத்தை மூக்குக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டு. போன்ல வேனில், "அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன், எப்பப் பாத்தாலும் குறுக்க வந்து சரி சரின்னுக்கிட்டு. நான் அப்பாவைக் கேக்குறேன்"ன்னா.

சகாயராஜ் இவரு உதட்டைப் பாத்தாரு, மூடியிருந்த என் உதட்டைப் பாத்தாரு, போனைப் பாத்தாரு. இவரு வாயோட இடது ஓரம் மட்டும் மேல ஏறுச்சு. ஜீப்ல நான் சொன்ன சரி அது, பாயசத்துக்கு அப்புறம் சொன்ன அதே சரி, 'ழ'வோட சுழி மாதிரி ஒண்ணுகூட விடாம எடுத்து வச்சிருக்காரு. மூச்சைப் பிடிச்சிருக்காரு, அப்ப பயத்தையும் பிடிச்சிருக்காரு. இத்தனை மாசம் மத்தியான நேரத்துல கேட்டது தண்ணிக்கு இல்ல, ஒத்திகை. இவரு குரல்லயே ஸ்டாம்பு குத்தின மாதிரி சொல்லியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும், அதைச் செய்யலை. பந்தை என் பக்கம் தள்ளிட்டுக் காத்துக்கிட்டு இருக்காரு, தெரியாத மனுஷன் ஒருத்தனை முன்னாடி நிறுத்தி வச்சுட்டு. "அப்பா? இருக்கீங்களா? அப்பா?" அவ குரல்ல பயம் ஏறுது. இவரு வாய் மறுபடியும் தொறக்குது. ரெண்டாவது தடவை இன்னும் நல்லா செய்வாரு. நீலக் கப்பல் ஒரு தடவை கண்ணுல ஆடுச்சு, கல்லுப்படி, ரொட்டி, அண்ணாந்து பாக்குற ஏழாவது மாடி. அவ இப்பவே பயந்து கேக்குறா, ஒரு ஆஸ்பத்திரி இருக்குற எந்த ஊரும் இனிமே ஆகாது. "ம்க்கும்"னேன். சகாயராஜ் கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துச்சு, தூக்கி விடலை. "அதாவது, பாப்பா. வெள்ளையே போடு. நடுவுல எங்கயும் நிக்க வேணாம்." "அப்பாடா, பயந்துட்டேன். சூப்பர்ப்பா, நானும் அதான் நெனச்சேன். அம்மா, உனக்கும் சம்மதம்தானே?" நான் மூச்சை இழுத்தேன், என் குரல்ல, என் வாயால, முப்பது வருஷத்துல முதல் தடவையா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாமான்னு. அரை மூச்சு முந்திக்கிட்டு, தரையைப் பாத்து, அவரு "சரி"ன்னாரு. "தெரியும், நீ வேற என்ன சொல்லப் போற"ன்னு வேனில் சிரிச்சுக்கிட்டே வச்சுட்டா.

சகாயராஜ் போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. பேசிக்கலி அவருக்கு ஒரு வார்த்தையும் வரலை. வெள்ளைப் புத்தகத்தை நானே இழுத்து என் முன்னாடி வச்சுக்கிட்டேன், அட்டையில கப்பலைச் சுத்தித் தண்ணி, அப்புறம் தண்ணி. ஏழு ராத்திரி. கல்யாண நாளுக்குப் போன் போடுவேன், அதாவது பாப்பான்னு ஆரம்பிப்பேன், அஞ்சு எண்ணுவேன், ஐயோ என்னங்கன்னு யாரு குரல்ல யாரு கத்தப் போறாங்களோ. பக்கத்துல டொக்குன்னு ஒரு சத்தம். திரும்பலை. மறுபடியும் டொக். வீல் சேர் கைப்பிடியில, இடது உள்ளங்கையால, ஓங்கி இல்ல, கொசு அடிக்கிற அடி இல்ல, நிதானமா, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சரியா இடம் விட்டு, நல்லா செஞ்சவளுக்குத் தட்டுற மாதிரி தட்டிக்கிட்டு இருக்காரு. ஒத்தக் கை தட்டினா ஓசை வராதும்பாங்க. வந்துச்சு.